கணுக்காலில் சூரியன்

நவ்ரூஸ் புத்தாண்டு பிறந்து எட்டு நாள் ஆகியும் யம்ஷித் ஊரில் சூரியன் இன்னும் நாயிடமே நின்றுகொண்டிருந்தது. சுவரில் மாட்டிய காகித நாள்காட்டி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் யம்ஷித்தில் வாய்க்கால் திறப்பது காகிதத்தைப் பார்த்து அல்ல. குளிர்காலத்துப் பெரிய நாற்பது, சின்ன நாற்பது என்கிற கடுங்குளிர் நாட்கள் எல்லாம் கழிந்த பிறகு சூரியன் மூன்று நாள் நாயிடம் இருக்கும். அதன்பின் மனிதனின் கால் நகத்தில் ஏறும். நகத்தில் மூன்று நாள், புறங்காலில் மூன்று நாள், கணுக்காலில் மூன்று நாள் என்று அப்படியே ஏறி உச்சந்தலைவரை போகும். நகத்தில் ஏறிய அன்று வாய்க்காலைத் திறக்க வேண்டும். முழங்காலுக்குப் போவதற்குள் பார்லி மண்ணுக்குள் போய்விட வேண்டும். தாண்டினால் கதிர் பால் பிடிக்கும்போதே பனி வந்து உட்கார்ந்துவிடும். போன வருஷம் அப்படித்தான் உட்கார்ந்தது.

சூரியன் நகத்தில் ஏறிவிட்டதா என்று பார்த்துச் சொல்கிறவர் கரீப்ஷோ. ஊர் மேட்டில் ஆளுயரத்துக்கு ஒரு துளைக்கல் நிற்கிறது. அதற்கு முன்னால் நாற்பது எட்டு தள்ளி, பாறை மேல் காட்டு ஆட்டுக் கொம்புகள் குவிந்த தர்கா. தர்காப் பாறையில் ஒரு பிளவு. உதிக்கிற சூரியன் அந்தப் பிளவு வழியாக வந்து, துளைக்கல்லின் துளைக்குள் நுழைந்து, பின்னால் இருக்கும் பலகைப் பாறையில் ஒரு ரொட்டி அளவுக்கு வெளிச்சமாக விழும். அந்தப் பாறையில் யாரோ எந்தக் காலத்திலோ ஒரு கால் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் எந்த இடத்தில் விழுகிறதோ சூரியன் அங்கே இருக்கிறது என்று பொருள். எட்டு நாளாக விடியற்காலையில் கரீப்ஷோ துளைக்கல் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். எட்டு நாளும் வெளிச்சம் பாறைக்கு வரவில்லை. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

எட்டாம் நாள் காலை, அவர் மனைவி ஷக்கர்மோ வயலில் பனி மேல் கருமண் தூவிக்கொண்டிருந்தாள். கருமண் வெயிலைப் பிடித்துக்கொண்டால் கெட்டிப்பட்ட பனி நான்கு நாளில் கரையும், இல்லையென்றால் பத்து நாள் படுத்துக் கிடக்கும். முதுகுக்கூடையில் மண் சுமந்து வந்து கையால் அள்ளி வீசுவது பெண்கள் வேலை. பக்கத்து வயலில் தவ்லத்மீரின் மனைவி அய்னிமோவும் அதையே செய்துகொண்டிருந்தாள். இருவரும் ஒரே வருஷம் கல்யாணமாகி வந்தவர்கள். ஷக்கர்மோ கீழூர் தர்கெத்திலிருந்து வந்தவள், அய்னிமோ உள்ளூர்க்காரி.

"என்ன ஷக்கர்மோ, உன் வீட்டுக்காரரோட நாய் இன்னிக்கும் சூரியனை விடலயா?" என்றாள் அய்னிமோ.

"நாய் என் வீட்டுதா? ஊருக்கே பொது நாய்தான்."

"ஊருக்குப் பொதுன்னா ஊரையும் கொஞ்சம் பார்க்கணும்ல. நேத்து நான் கீழ பார்த்தேன். உங்க தர்கெத்துல வாய்க்கால் கரை முட்டத் தண்ணி. உங்க அண்ணன் வயல்ல ஏர் ஓடுது."

ஷக்கர்மோவுக்குச் சுருக்கென்றது. யம்ஷித் திறக்கும்வரை தண்ணீர் முழுக்கத் தர்கெத்துக்கு ஓடும். துளைக்கல்லில் வெளிச்சம் விழுந்த பிறகுதான் யம்ஷித் அதைத் திருப்பலாம். அப்பன் பாட்டன் காலத்து ஒப்பந்தம் அது. வெளிச்சம் விழாமல் மடையில் கை வைத்தால் தர்கெத்காரன் மண்வெட்டியோடு ஏறி வந்துவிடுவான்.

"சொல்ல வந்ததை நேரா சொல்லு அய்னிமோ. சுத்தி வளைக்காத."

"நான் என்னத்தச் சொல்றேன்? காகிதத்துல மார்ச் இருபத்தொண்ணு வந்துச்சு, போச்சு. போன வருஷம் அஞ்சு நாள் லேட்டு. மேகம்னு சொன்னாங்க, சரின்னோம். பார்லி பனியில போச்சு, அதுக்கும் சரின்னோம். இந்த வருஷம் மேகமும் இல்ல. சூரியன் வழி தப்புமா? கல்லுதான் தப்பியிருக்கணும்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு."

"கல்லு தானா நடந்து போச்சா?"

"அதான் நானும் கேட்டேன். தானா நடக்காது, யாராவது தள்ளினாத்தான் நடக்கும்னாரு."

ஷக்கர்மோ மண்ணை வீசிய வேகத்தில் பாதி அய்னிமோவின் வயலில் விழுந்தது. அவள் மனசில் வேறொரு கணக்கு ஓடத் தொடங்கியது. இலையுதிர் காலத்தில் தவ்லத்மீர் புதுத் தொழுவம் கட்டினான். கடப்பாரை கேட்டு வாங்கிப் போனவன் ஒன்பது நாள் கழித்து நுனி மழுங்கக் கொண்டுவந்து போட்டான். தொழுவத்துக்குக் கல் பெயர்க்க ஒன்பது நாளா? அவன் அப்பாவும் ஒரு காலத்தில் நாள் பார்க்க ஆசைப்பட்டவர். ஊர் அவரை விட்டுவிட்டு கரீப்ஷோவின் அப்பாவைத்தான் உட்கார வைத்தது. அந்தப் புகைச்சல் இன்னும் அடங்கவில்லை. கல்லைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் போதும், கரீப்ஷோவின் பேர் தானாகக் கெடும். யோசிக்க யோசிக்க அவளுக்கு எல்லாம் தெளிவாகப் பொருந்தி வந்தது. சந்தேகத்துக்கு அதுதான் குணம், எதை எடுத்து வைத்தாலும் பொருந்திவிடும்.

கரீப்ஷோ வீட்டுக்கு வந்து, ஃபாத்திமா பேரால் நிற்கிற வீட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். ஷக்கர்மோ உப்புப் போட்ட பால் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி, வெண்ணெய் ஒரு துண்டு போட்டு, காய்ந்த ரொட்டியைப் பிய்த்து ஊறவைத்து நீட்டினாள்.

"வந்துச்சா?"

"இல்ல."

"பக்தோவர் அப்பா, நான் ஒண்ணு சொன்னா கோபப்படக் கூடாது. தவ்லத்மீர் கல்லைத் திருப்பிட்டான்."

கரீப்ஷோ கிண்ணத்தை வாயருகே வைத்தபடி அப்படியே நிறுத்தினார். "யாரு சொன்னது?"

"யாரும் சொல்ல வேணாம். கடப்பாரை நுனி சொல்லுது. நீங்க போய் அடியைப் பாருங்க. மண்ணு கிளறியிருக்கான்னு பாருங்க."

"அதெல்லாம் வேணாம்."

"ஏன் வேணாம்?"

"வேணாம்னா வேணாம். தேநீர்ல உப்பு ஜாஸ்தி" என்றார்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. இருபத்து நான்கு வருஷத்தில் அவர் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஷக்கர்மோ அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மேலே கூரைத் திறப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுப்பகலுக்கு முன்பே ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்னால் கலீஃபா ஷோநஸர். ஊரில் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் துஆ ஓதுகிறவர், நிதானமான மனிதர். பின்னால் தவ்லத்மீர், அவனுக்குப் பின்னால் ஏழெட்டு பேர்.

"யா அலி மதத்" என்று முகமன் சொன்னார்.

"மவ்லா அலி மதத். உள்ள வாங்க, தேநீர் குடிங்க."

"குடிக்க இன்னொரு நாள் வர்றோம் கரீப்ஷோ. இப்ப கல்லுகிட்ட வா" என்றார் கலீஃபா.

எல்லாரும் மேட்டுக்கு ஏறினார்கள். கூப்பிடாமலே ஷக்கர்மோவும் போனாள். தவ்லத்மீர் துளைக்கல்லின் அடியில் மண்டியிட்டு, பனியைக் கையால் ஒதுக்கினான். சுற்றியிருந்த மண் பாறை மாதிரி இறுகிக் கிடக்க, கல்லின் வடபக்கம் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு மண் பொலபொலவென்று இருந்தது. கல்லின் இடுப்பில் வெள்ளையாக மூன்று கீறல். கடப்பாரை வைத்து நெம்பிய தடம் என்று குழந்தைக்கும் தெரியும்.

"பார்த்தீங்களா கலீஃபா?" என்றான் தவ்லத்மீர்.

ஷக்கர்மோவால் பொறுக்க முடியவில்லை. "நல்லாப் பார்த்தோம்! எங்க கடப்பாரையை ஒன்பது நாள் வெச்சிருந்தது யாரு? தொழுவம் கட்டறேன்னு வாங்கிட்டுப் போனது யாரு?"

"ஏய், என்ன பேசற நீ?"

"கேட்கிறதுக்குப் பதில் சொல்லு. உங்க அப்பா காலத்துலேர்ந்து இந்தக் கல்லு மேல உங்களுக்குக் கண்ணு."

"கலீஃபா, இந்தப் பொம்பளையை அடக்கச் சொல்லுங்க. நான் கடப்பாரையைத் திருப்பிக் குடுத்தது உருளைக்கிழங்கு தோண்டறதுக்கு முந்தி. அய்னிமோ சாட்சி. இந்த மண்ணைப் பாருங்க, மேல இலை இல்ல, அடியில இலை இருக்கு, இலை உதிர்ந்த பிறகு முதல் பனிக்கு முந்தி தோண்டினது. அப்ப கடப்பாரை யாரு வீட்டுல இருந்துச்சு?"

"திருடன் நாள் பார்த்தா தோண்டுவான்?"

"அதையேதான் நானும் சொல்றேன். நாள் பார்க்கிறவனே..."

"தோண்டினது நான்தான்" என்றார் கரீப்ஷோ.

ஷக்கர்மோ துப்பட்டாவை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள். இத்தனை பேர் முன்னால் அடுத்தவன் மேல் சேற்றை வாரி இறைத்துவிட்டோம், அது தன் வீட்டு வாசலிலேயே வந்து விழுகிறதே என்று வெட்கத்தில் செத்துப்போனாள்.

கலீஃபா மெதுவாகக் கேட்டார். "எதுக்குத் தோண்டினே?"

கரீப்ஷோ குனிந்து, ஒதுக்கிய பனியை மறுபடி கல்லின் அடியில் தள்ளினார்.

"எதுக்குன்னு ஊருக்கே தெரியும்" என்றான் தவ்லத்மீர். "இலையுதிர் காலத்துல இவரோட தர்கெத்து மச்சான் வந்தாரு, கொழுத்த கிடா ஒண்ணு கொண்டுவந்தாரு. எல்லாரும்தான் பார்த்தோம். எட்டு நாள் தண்ணிக்கு ஒரு கிடா. மலிவுதான்."

"மச்சான் வீட்டுக்காகத் தோண்டல" என்றார் கரீப்ஷோ.

"பின்ன?"

அவர் தர்காப் பக்கம் திரும்பிக்கொண்டார். காற்று தொடங்கிவிட்டிருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் பகல் ஏறினால் காற்று ஏறும், எதிரில் நிற்கிறவன் பேச்சே காதில் விழாது. கலீஃபா குரலை உயர்த்தினார்.

"கேளு கரீப்ஷோ. நாளைக்குக் காலைல தர்காவுக்கு வா. கொம்பு மேல கை வெச்சு, தண்ணியைக் கீழூருக்கு விடறதுக்காக இதைச் செய்யலன்னு சத்தியம் பண்ணு. எதுக்குச் செஞ்சேன்னும் சொல்லு. பாதி சத்தியம் ஆகாது, முழுசும் சொல்லணும். சொன்னா நான் ஏத்துக்கிறேன், ஊரும் ஏத்துக்கும். சொல்லலன்னா இனிமே இந்தக் கல்லுகிட்ட நீ உட்கார முடியாது. உன் வார்த்தைக்கு இந்த ஊர்ல மதிப்பு இருக்காது. அப்புறம் நான் தர்கெத்துக்கு ஆள் அனுப்பி, கல்லு கெட்டுப்போச்சுன்னு சொல்லி அவங்க கையில கால்ல விழுந்து தண்ணி கேட்டு வாங்கணும்."

கரீப்ஷோ தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் ஷக்கர்மோ கதவைச் சாத்திவிட்டு அவர் முன்னால் நின்றாள். "எங்க அண்ணன் கேட்டானா? சொல்லுங்க. அவன் கேட்டிருந்தா நானே போய் அவன் தாடியைப் பிடிச்சு இழுக்கிறேன்."

"உங்க அண்ணன் ஒண்ணும் கேட்கல."

"கிடா எதுக்குக் குடுத்தான்?"

"பக்தோவர் பேருக்கு அறுக்கச் சொல்லிக் குடுத்தாரு. நீதானே கறியைப் பங்கு போட்டே?"

"அப்ப எதுக்குத் தோண்டினீங்க?"

"ஷக்கர்மோ, விடு."

"எங்கிட்டயுமா சொல்லக் கூடாது?"

அவர் தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்து, அதன் பூவேலையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "உங்கிட்டதான் சொல்லக் கூடாது" என்றார்.

இருபத்து நான்கு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்ட மனிதர் இப்படிச் சொன்னால் எந்த மனைவிதான் பொறுத்துக்கொள்வாள்? ஷக்கர்மோவுக்கு என்னென்னவோ தோன்றியது. அண்ணன் தனக்குத் தெரியாமல் ஏதோ பேசியிருக்கிறான். இல்லை, மாஸ்கோவிலிருக்கும் மகனைப் பற்றி இவருக்கு ஏதோ சேதி வந்திருக்கிறது, மறைக்கிறார். பக்தோவர் கட்டட வேலைக்குப் போய் மூன்று வருஷம். போன் வந்து ஏழு மாதம் ஆகிறது. கடைசியாகப் பேசியபோது இருமினான். சளிம்மா என்றான். இருமலை நினைத்ததும் அவளால் வீட்டில் உட்கார முடியவில்லை.

அன்று வியாழக்கிழமை. மகன் பஸ் ஏறிய வாரத்திலிருந்து ஒரு வியாழன்கூடத் தவறாமல் ஷக்கர்மோ ஆற்றங்கரைக்குப் போய், முதுகுக்கூடை கொள்கிற அளவுக்கு ஒரு வெள்ளைக் கல் எடுத்து, மேடேறி தர்காவில் வைப்பாள். மகன் திரும்பி வருகிறவரை வாரம் ஒரு கல் என்பது அவள் நேர்ச்சை. தர்காவில் கல் வைக்காதவர்கள் அந்த ஊரில் கிடையாது. வைத்ததை எடுத்தவர்களும் கிடையாது. எடுத்தால் என்ன ஆகும் என்று யாரும் வாயால் சொல்வதுகூட இல்லை.

சந்தேகமும் சுமையுமாக அவள் மேடு ஏறினாள். பிற்பகல் காற்று பாவாடையைக் காலோடு சுற்றிப் பிடித்து இழுத்தது. துளைக்கல்லைக் கடக்கும்போது அதன் பக்கம் திரும்பாமல் போனாள். பாறை மேல் ஏறி, கொம்புகளுக்கு முத்தம் வைத்து, விளக்குக் குழியில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி ஏற்றி, கல்லைக் கூடையிலிருந்து இறக்கினாள். போன வாரம் வைத்த கல் பக்கத்தில் அதை வைத்து ஆடாமல் சின்னக் கல் முட்டுக் கொடுத்தாள். பிறகு வழக்கம்போல் அதன் மறைவில் உட்கார்ந்து, துப்பட்டாவை அவிழ்த்து உதறி, மறுபடி கட்டிக்கொண்டாள்.

கட்டி முடித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

முதல் வருஷம் இதே இடத்தில் அவளால் நிற்க முடிந்ததில்லை. பிளவு வழியாகக் காற்று பீறிட்டு வந்து ஒருமுறை துப்பட்டாவைப் பிடுங்கிக்கொண்டு போய்த் துளைக்கல்லில் மாட்டிவிட்டது. கரீப்ஷோ சிரித்துக்கொண்டே எடுத்து வந்து கொடுத்தார். இப்போது உட்கார்ந்து, அவிழ்த்து, உதறி, கட்டுகிறாள். ஒரு நூல் அசையவில்லை. விளக்குச் சுடர்கூட நேராக நிற்கிறது.

அவள் எழுந்து நின்று பார்த்தாள். பிளவு எங்கே? அவளுக்கு முன்னால் இடுப்புக்கு மேல் ஒரு வெள்ளைச் சுவர் நின்றது. நூற்றைம்பதுக்கும் மேல் கல். எண்ணெய்யும் புகையும் பட்டு அடிக்கல்லெல்லாம் பாறை நிறத்துக்கு வந்துவிட்டிருந்தன. இரண்டு பக்கமும் பாறையோடு பாறையாகப் பொருந்தி, நடுவில் ஒரு விரல்கூட நுழைய முடியாதபடி அத்தனை நேர்த்தியாக முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். சுவர் கட்டுகிற கொத்தனுக்குக்கூட அந்தப் பொறுமை வராது. காற்று வர வழியில்லை. காற்றுக்கே வழியில்லை என்றால் வெளிச்சத்துக்கு எங்கே வழி? சூரியன் சுவருக்கு மேல் ஏறி வருவதற்குள் வெளிச்சம் துளைக்கு எட்டாமல் மண்ணில் விழுந்துவிடும்.

ஷக்கர்மோ அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஊரில் ஒவ்வொருவர் முகமாக எடுத்து வைத்துச் சந்தேகப்பட்டவள், தன் கையைச் சந்தேகப்பட ஒருநாளும் நினைக்கவில்லை.

அவள் இறங்கி வந்தபோது வெயில் எதிர்மலையில் ஏறிவிட்டிருந்தது. கரீப்ஷோ வாசலில் வில்லோ மரத்துக் குச்சிகளை வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் காலிக் கூடையை அவர் முன்னால் போட்டாள்.

"உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

அவர் நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தார். எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "பார்லி பனியில போனப்பறம். எதுக்கு லேட்டாச்சுன்னு மேல போய்ப் பார்த்தேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"என்னன்னு சொல்றது? பையனுக்காகக் கல்லு வெக்கிறவகிட்ட, அதை எடுன்னா? அதுக்கப்புறம் அவனுக்கு ஒரு ஜலதோஷம் வந்தாக்கூட நீ என்னைப் பார்ப்பியா? இல்ல நான்தான் உன்னைப் பார்ப்பேனா?"

"அதுக்காகத் திருட்டுப் பட்டம் வாங்குவீங்களா?"

"கல்லைக் கொஞ்சம் வடக்க தள்ளினா பாறை ஓரமா வெளிச்சம் வரும்னு நெனச்சேன். மூணு நாள் நெம்பிப் பார்த்தேன். முடி அளவுகூட அசையல. எந்த மகராசன் நட்டானோ!" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"தோண்டினேன்னு சொல்லிட்டேன். மேல ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாள் பார்க்கிறவன் இல்லன்னா என்ன, ஆடு மேய்ச்சுக்கிறேன்."

"ஊரு உங்களைக் காறித் துப்பும்."

"துப்பட்டும், காத்துல காஞ்சுடும். நீ வியாழக்கிழமை வியாழக்கிழமை போய்ட்டு வா."

ஷக்கர்மோவுக்கு அவர் மேல் அத்தனை கோபமும், அத்தனை பிரியமும் ஒரே நேரத்தில் வந்தது. உள்ளே போய் மாவைப் பிசைந்து, நூடுல்ஸ் அறுத்துக் கஞ்சியில் போட்டு, அவருக்கு இரண்டு கிண்ணம் ஊற்றினாள். தான் சாப்பிடவில்லை.

மறுநாள் கரீப்ஷோ கண் விழித்தபோது அவள் படுக்கை காலியாக இருந்தது. சத்தியத்துக்குக் கலீஃபாவும் ஊர்க்காரர்களும் மேடேறியபோது, தர்காப் பாறையில் கல்லோடு கல் இடிக்கும் சத்தம் கேட்டது. ஷக்கர்மோ ஒரு கல்லை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துத் தூக்கி, நான்கு எட்டு நடந்து, பாறைக்குக் கீழே பனியில் போட்டுக்கொண்டிருந்தாள். விரல் நுனிகளில் ரத்தம். சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டிருந்தது.

அய்னிமோ அலறினாள். "ஷக்கர்மோ! பைத்தியம் பிடிச்சுடுச்சா உனக்கு? தர்காக் கல்லுடி! வெளியூர்ல பிள்ளையை வெச்சுக்கிட்டு என்ன காரியம்டி பண்ற?"

"பிள்ளையை வெச்சுக்கிட்டுத்தான் பண்றேன்" என்றாள் ஷக்கர்மோ. நிறுத்தவில்லை.

கலீஃபா மூச்சு வாங்க மேலே வந்தார். "தர்காவுக்கு வெச்சதை எடுக்கக் கூடாதும்மா."

"தர்காவுக்கு வெக்கல கலீஃபா. என் பையனுக்கு வெச்சேன். மூணு வருஷமா ஊரோட சூரியனை நான்தான் அடைச்சு வெச்சிருக்கேன். தண்ணி கீழ போனதுக்கு நான் காரணம், போன வருஷம் பார்லி செத்ததுக்கு நான் காரணம். இவரு கல்லை நெம்பினது என் சுவரைச் சுத்திப் போக. தவ்லத்மீர் அண்ணே, உங்க மேல பழி போட்டேன். என் வாயில மண்ணு."

தவ்லத்மீர் சுவரையும் துளைக்கல்லையும் மாறி மாறிப் பார்த்தான். பிளவுக்கு அந்தப் பக்கம் வானம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. "சீக்கிரம், சீக்கிரம்!" என்று திடீரென்று கத்திக்கொண்டு பாறை மேல் தாவியவன், முதல் கல்லில் கை வைக்கப் போய்க் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். தர்காக் கல்.

"நீங்க தொட வேணாம் அண்ணே. வெச்சவளே எடுக்கிறேன்" என்றாள் ஷக்கர்மோ. அவன் இறங்கிப் பாறைக்கடியில் நின்று, அவள் போடும் கற்களை வழி மறிக்காமல் காலால் ஒதுக்கித் தள்ளினான். அதற்குள் கரீப்ஷோ வந்துவிட்டார். ஒரு பார்வையில் அவருக்கு விஷயம் விளங்கியது. அவர் மேலே வரவில்லை, துளைக்கல் பக்கத்தில் தன் இடத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார்.

கடைசி வரிசைக்கு வந்தபோது அவள் கை வேகம் குறைந்தது. அடியில் நட்டநடுவில் ஒரு கல், மற்றவற்றைவிடச் சின்னது. பக்தோவர் போன அன்று வைத்தது. பஸ் புழுதி அடங்குவதற்குள் ஆற்றுக்கு ஓடி, கையில் அகப்பட்டதை எடுத்து வந்தாள். அது ஒன்று மட்டும் இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தாள். குனிந்து, கன்னம் தரையில் பட, அதன் மேலாகக் கீழே பார்த்தாள். துளையில் பாதியை அந்தக் கல் மறைத்தது.

"கலீஃபா, இதை எடுத்தா என் பையன்..." என்று ஆரம்பித்தாள்.

கலீஃபா நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். "எனக்குத் தெரியலம்மா" என்றார்.

ஷக்கர்மோ அந்தக் கல்லை எடுத்தாள்.

பிளவு வழியாக முதலில் காற்று வந்தது. துப்பட்டாவைத் தலையிலிருந்து பிடுங்கி எறிந்தது. அதற்குப் பின்னால் சூரியன் வந்தது. கீழே துளைக்கல்லின் துளை பளிச்சென்று எரிந்தது. எல்லாரும் பலகைப் பாறைப் பக்கம் ஓடினார்கள். நகத்தில் வெளிச்சம் இல்லை, புறங்காலில் இல்லை. அவற்றைத் தாண்டி, ரொட்டி அளவுக்கு வட்டமாகக் கணுக்கால் மேல் விழுந்திருந்தது. காகித நாள்காட்டியில் நவ்ரூஸிலிருந்து விரல் விட்டு எண்ணினால் சரியாக ஒன்பதாம் நாள். சூரியன் ஒரு நாளும் தாமதிக்கவில்லை.

கரீப்ஷோ எழுந்தார். ஊர் கேட்கக் கூவினார். "சூரியன் கணுக்கால்ல! கணுக்கால்ல கடைசி நாள்! மடையைத் திறங்க!"

"மண்வெட்டி! மண்வெட்டி எங்கடா?" என்று தவ்லத்மீர் இறக்கத்தில் ஓடினான். பாதி தூரம் போனவன் திரும்பி, "ஷக்கர்மோ! உங்க அண்ணன்கிட்ட போய்ச் சொல்லு, இன்னொரு கிடா அனுப்பச் சொல்லி! எட்டு நாள் தண்ணிக்கு ஒண்ணு பத்தாது!" என்று கத்தினான். இரண்டு பேர் சிரித்தார்கள். அய்னிமோ துளைக்கல்லில் மாட்டியிருந்த துப்பட்டாவை எடுத்து வந்து, ஷக்கர்மோவின் தலையில் போட்டு, காதுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிவிட்டாள்.

எல்லாரும் போன பிறகு கரீப்ஷோ பாறைக்கடியில் வந்து நின்றார். பனியில் கிடந்த வெள்ளைக் கற்களைப் பார்த்தார். "இதையெல்லாம் என்ன பண்ணப் போறே?"

"மடை வாயில அடுக்கலாம். வருஷா வருஷம் கரை அரிச்சுட்டுப் போகுதுல்ல."

"சரி. வா, இறங்கு."

அவள் இறங்கினாள். கடைசியாக எடுத்த கல் மட்டும் மடியில் இருந்தது. மூன்று வருஷம் வெயில் படாத கல், துணியைத் தாண்டி வயிற்றில் சில்லிட்டது. கீழே மடை திறந்து தண்ணீர் யம்ஷித் பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது, ஆண்கள் கூவினார்கள், கரீப்ஷோ மண்வெட்டி எடுக்க வீட்டுக்கு நடந்தார். ஷக்கர்மோ வயல் வரப்பில் வெயில் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, அந்தக் கல்லை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அது சூடாகும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.